சித்திரை வெயிலும் சிமெண்டுத் தளமும்

மாடு வாங்கப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். மடியைத் தடவிப் பார்த்து, நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். விதை வாங்கும்போது ரகம், வயது, முளைப்புத் திறன் எல்லாவற்றையும் விசாரிக்கிறார். ஆனால் ஆயுளில் ஒரு முறை, நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கட்டுகிற வீட்டைப் பற்றி மட்டும், "இது சித்திரையில் எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. எத்தனை அறை, என்ன வண்ணம், வாசற்படி எந்தத் திசை என்றெல்லாம் கேட்பார்கள். உள்ளே எவ்வளவு சூடு இறங்கும் என்று கேட்பதில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சுவது பெரும்பாலும் தை மாதத்தில் நடக்கும். அப்போது வீடு குளுமையாகவே இருக்கும். பங்குனி பிறந்ததும் உண்மை தெரிந்துவிடும். மாலை ஆறு மணிக்கு வெளியே காற்று தணிந்த பிறகும் உள்ளே உட்கார முடியாது. இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் சூடான காற்றுதான் முகத்தில் அடிக்கும். கைக்குழந்தை அழும். வயதானவர்கள் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடுவார்கள். அங்கே கொசு விடாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் கறக்க வேண்டியவர், களை எடுக்கப் போக வேண்டியவர், இரவு முழுவதும் புரண்டு கொண்டிருந்தால் மறுநாள் வேலை என்ன ஆகும்?

ஒரு வீட்டின் சூடு, மனையில் கயிறு அடிக்கும் நாளிலும், தளம் போடும் நாளிலும் முடிவாகிவிடுகிறது. பிறகு வாங்கும் மின்விசிறி, ஏர்கூலர் எல்லாம் அந்த முடிவுக்காக மாதந்தோறும் கட்டுகிற அபராதம் போன்றவையே. இதைக் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது சிறு விவசாயிக்கு மிகவும் அவசியம்.

குடிசையில் இருந்த குளிர்ச்சி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை மண்சுவரும் ஓலைக் கூரையும், சற்று வசதி உள்ளவர்களுக்கு ஓட்டு வீடும் என்பதே வழக்கம். பனை ஓலையிலும் தென்னங்கீற்றிலும் வைக்கோலிலும் காற்று அடைந்திருப்பதால் அவை வெயிலை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஒன்றரை அடி மண்சுவர் சூடாக வெகு நேரம் ஆகும். கூரை இறங்கி வந்து சுவருக்கு நிழல் தரும். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் காற்றுக்கு வழிவிடும்.

ஆனால் அந்தக் கூரையில் ஆபத்தும் இருந்தது. கோடையில் ஒரு தீப்பொறி பட்டால் தெருவே எரியும். மழைக்காலத்தில் ஒழுகும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கூரை மாற்ற வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கூரை வீடுகள் பட்ட பாட்டை அங்குள்ள விவசாயிகள் மறக்கவில்லை. ஆகவே, காங்கிரீட் வீடு வேண்டும் என்று மக்கள் ஆசைப்படுவதில் தவறே இல்லை.

அரசுத் திட்டங்களும் இந்த வழியிலேயே வந்துள்ளன. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடும் சூரிய சக்தி விளக்குகளும் தரப்பட்டன. 2016-ல் மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் கிராமப்புறத்துக்கு வந்தது. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று வகுத்தது. இத்திட்டங்களால் பல குடும்பங்கள் தீக்கும் மழைக்கும் பயப்படாமல் படுக்கின்றன. வெயில் மட்டும் பாக்கி நிற்கிறது. குடிசைக்குத் திரும்பிப் போவது இதற்கு வழியல்ல. குடிசையில் இருந்த குளிர்ச்சியைக் காங்கிரீட் வீட்டுக்குள் கொண்டுவருவதே வழி.

வெயில் எங்கிருந்து வருகிறது?

சுவரைவிடத் தளத்தின் வழியாகவே அதிக வெப்பம் வீட்டுக்குள் இறங்குகிறது. தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், பங்குனிக் கடைசியில் கன்னியாகுமரியிலும், சித்திரை நடுவாக்கில் சென்னைப் பக்கத்திலும், நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. சுவரில் வெயில் சாய்ந்து விழுகிறது. தளத்தில் செங்குத்தாக விழுகிறது.

கோடை நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயிலின் சக்தி ஏறத்தாழ 1,000 வாட். 400 சதுர அடித் தளம் என்றால் ஏறக்குறைய 37 சதுர மீட்டர். அதன் மேல் விழுவது 37,000 வாட். விவசாயிக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 5 குதிரைத் திறன் பம்பு செட்டுகள் பத்தை ஒரே சமயத்தில் ஓட்டுகிற அளவு சக்தி அந்தச் சின்ன வீட்டின் தலையில் விழுகிறது. இதை எதிர்த்து அறைக்குள் சுற்றும் ஒரு மின்விசிறி என்ன செய்ய முடியும்? விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றையே சுழற்றுகிறது. வியர்வையை உலர்த்துவதால்தான் உடம்புக்குச் சுகமாக இருக்கிறது.

நான்கு, ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் காலையிலிருந்து இந்த வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கிறது. பகலில் வாங்கியதை மாலையிலும் இரவிலும் கீழே திருப்பிக் கொடுக்கிறது. வெளியே குளிர்ந்த பிறகும் உள்ளே வேகுவதற்கு இதுவே காரணம். காற்று ஓட்டமும் இல்லாவிட்டால் அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை.

கயிறு அடிக்கும் நாளில்

மனை இடம் கொடுக்குமானால், வீட்டின் நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படியும், குறுகிய சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும்படியும் அமைப்பது நல்லது. காலை வெயில் கிழக்குச் சுவரிலும், மாலை வெயில் மேற்குச் சுவரிலும் தாழ்வாகச் சாய்ந்து நேராக அடிக்கும். அதை எந்தச் சன்ஷேடும் முழுவதும் தடுக்க முடியாது. தெற்கு, வடக்குச் சுவர்களில் சூரியன் உயரத்தில் இருப்பதால் இரண்டு அடிச் சன்ஷேடே பெரும்பாலான நாட்களில் போதுமான நிழல் தரும்.

மேற்குப் பக்கத்தில் படுக்கை அறை வைக்கக் கூடாது. மேற்கு வெயில் மாலை வரை சுவரைச் சூடாக்கி, இரவில் படுப்பவர் மீது இறக்கும். குளியலறை, நெல் மூட்டை வைக்கும் அறை, தட்டுமுட்டு அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளலாம். மேற்கே ஒரு சார்ப்பு இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. அதன் கீழே மண்வெட்டி, கலப்பை, விறகு வைத்துக்கொள்ளலாம்.

மனை வடக்குத் தெற்காக நீண்டு, வேறு வழியில்லை என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் ஜன்னலைச் சிறிதாக்கி, அந்தப் பக்கம் மரமோ பந்தலோ வைத்து ஈடு செய்யலாம்.

தளம் போடும் நாளில்

வீடு கட்டுகிறவர்களில் பலர் தவறிப் போகும் இடம் இதுதான். அஸ்திவாரம், சுவர், லிண்டல், தளம் என்று படிப்படியாகப் பணம் போகிறது. தளம் போட்டு முடிக்கும்போது கை காலியாகிவிடுகிறது. "இப்போதைக்குத் தளத்தோடு நிறுத்திக்குவோம் அண்ணே, மேல் வேலையை அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்று கொத்தனார் சொல்வார். வீட்டுக்காரரும் தலையாட்டுவார். அந்த அடுத்த வருசம் பல வீடுகளுக்கு வருவதே இல்லை. வெறும் காங்கிரீட் வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, பாசி பிடித்துக் கறுத்து நிற்கும். கறுத்த தளம் இன்னும் அதிகமாக வெயிலை வாங்கும். வெடிப்பு விட்டால் தண்ணீர் இறங்கிக் கம்பியும் துருப்பிடிக்கும்.

தளத்தின் மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக உள்ள வழக்கம். செங்கல் ஜல்லியை நீர்த்த சுண்ணாம்புடன் கலந்து, மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு என்பது கட்டட வேலையில் வழங்கும் அளவு. இதில் மணல் சேர்ப்பதில்லை. பழைய நாட்களில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து அடிப்பார்கள். அதன் மேல் தட்டோடு பதித்து, வாட்டம் விட்டு, இணைப்புகளைப் பூசி முடிப்பார்கள். செங்கல் ஜல்லியில் உள்ள நுண்ணிய துளைகளில் காற்று அடைந்திருப்பதால் சூடு மெதுவாகவே இறங்கும். மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது. ஒரே செலவில் இரண்டு வேலை.

400 சதுர அடித் தளத்துக்கு மூன்று அங்குலம் என்றால் அடித்து முடித்த பிறகு 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் அளவு வரும். கலவை அடிக்க அடிக்க அமுங்கும் என்பதால் ஜல்லி சற்று அதிகமாகவே வேண்டும். இந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்து எழுதி வைத்துவிட வேண்டும். வாசலில் கிரானைட் கல்லையும் முகப்பு வேலைப்பாட்டையும் ஒத்தி வைத்தால் குடும்பத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. சுருக்கியை ஒத்தி வைத்தால் ஆண்டுதோறும் மூன்று மாதம் தண்டனைதான். முன்பே கட்டிய பழைய தளத்தின் மேல் சுருக்கி போட நினைப்பவர்கள், தளம் அந்த எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

புதிதாகத் தளம் போடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. காங்கிரீட் தளத்தின் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே கீழ்ப்பகுதியில் உள்ள காங்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய சீமை ஓடுகளை வைத்துத் தளம் வார்த்தால் காங்கிரீட் மிச்சமாகும். தளத்தின் எடையும் குறையும். இரண்டு ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் நடுவே காற்று அடைந்து சூட்டையும் தடுக்கும். இந்த முறையைக் கேரளத்தில் பரவச் செய்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் மறைந்த கட்டடக்கலைஞர் அவர். ஏழை எளியவர்களுக்குச் சிக்கனமாக வீடு கட்டுவதையே தம் தொழிலாகக் கொண்டவர். கிராமத்து மக்கள் தங்கள் ஊர் மண்ணிலும் கல்லிலும் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்தே பல செய்திகளைக் கற்றுக்கொண்டார். ஓடு வைத்த தளத்தில் கம்பிக் கணக்கு முக்கியம். பழக்கமில்லாத ஆளைக்கொண்டு இதைச் செய்யக் கூடாது.

சுவரும் ஜன்னலும்

சுவரிலும் சிக்கனத்துக்கு வழி உண்டு. செங்கற்களைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். ஒன்பது அங்குலச் சுவரே கிடைக்கும். ஆனால் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். கலவையும் மிச்சமாகும். நடுவில் உள்ள காற்று, வெளிச் சூட்டை உள்ளே எளிதில் விடாது. இதையும் பேக்கர் பல வீடுகளில் கையாண்டார். மூலைகளையும், கதவு ஜன்னல் ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் கட்ட வேண்டும்.

செம்மண் கிடைக்கும் ஊர்களில், மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி எடுத்த மண்கட்டிகளைக் கொண்டும் கட்டலாம். சூளையில் சுட வேண்டியதில்லை என்பதால் விறகு மிச்சம். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் இவ்வகைக் கட்டடங்களை நேரில் பார்க்கலாம். கரிசல் மண் இதற்கு உதவாது. அது நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். எந்த மண்ணானாலும் சில கட்டிகளை முதலில் செய்து, தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்த பிறகே வீட்டுக்குப் பயன்படுத்த வேண்டும்.

ஜன்னலைப் பொறுத்தவரை, எத்தனை ஜன்னல் என்பதைவிட எதிரெதிராக இருக்கிறதா என்பதே முக்கியம். வாய்க்காலுக்கு மடை ஒன்று, வடிகால் ஒன்று வேண்டும் அல்லவா? காற்றுக்கும் அப்படியே. ஒரு சுவரில் மட்டும் பெரிய ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே நுழையாது. எதிர்ச் சுவரில் ஒரு வழி இருந்தால்தான் ஓடும். கடலோர மாவட்டங்களில் கோடையின் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். கோவை, பொள்ளாச்சி, கம்பம் பகுதிகளில் ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வீசும். ஊரில் காற்று எப்போது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை நெல் தூற்றுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை ஜன்னல் வைக்கும்போதும் பயன்படுத்த வேண்டும்.

சூடான காற்று மேலே ஏறும். ஆகவே தளத்தை ஒட்டி, சுவரின் உச்சியில் சிறு காற்றுத் துளைகள் விடுவது பழைய வழக்கம். தளம் போட்ட பிறகு அழகுக்காக அவற்றை அடைத்துவிடக் கூடாது. தளத்தின் உயரமும் பத்து அடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வெளியே அனல் அடிக்கும் நடுப்பகலில் ஜன்னலை மூடி வைத்து, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பகலெல்லாம் திறந்து அனலை உள்ளே விட்டு, இரவில் அடைத்து அதை உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கு

வீடு கட்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களே அதிகம். அவர்களுக்கு மிகக் குறைந்த செலவில் உள்ள மருந்து வெள்ளைச் சுண்ணாம்பு. கறுத்த காங்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்குகிறது. நன்றாக வெள்ளையடித்த தளம் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறைவது பல இடங்களில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

மாசி மாதத்தில், மழை இல்லாத நாளாகப் பார்த்து, தளத்தைப் பாசி போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெடிப்புகளை அடைக்க வேண்டும். நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீர்க்க வைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை சேர்த்து, நனைத்த தளத்தில் ஒரு கை அடித்து, காய்ந்ததும் குறுக்குவாட்டில் மறு கை அடிக்க வேண்டும். உப்பு சேர்க்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. காங்கிரீட்டின் உள்ளே இருக்கும் கம்பிக்கு உப்பு ஆகாது. அதைத் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்பு நீர்க்கும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். மழையில் கரையும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் சில ஆண்டுகள் தாங்கும் வெள்ளைக் கூரைப் பூச்சு வாங்கி அடிக்கலாம். மழைநீர் சேமிக்கிறவர்கள் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வெளியே தள்ளிவிட வேண்டும்.

இதில் நம்பிக்கை இல்லாதவர்கள், புது ரகத்தை ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்ப்பது போல, தளத்தில் பாதிக்கு மட்டும் வெள்ளையடித்துப் பார்க்கலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு வெறுங்காலை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள காலத்தில் அது கட்டுபடியாகாது.

சிமெண்டு ஷீட், தகர ஷீட் போட்டவர்களுக்கும் வெள்ளை நிறம் உதவும். ஆனால் சிமெண்டு ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. உடைந்து விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. பலகை போட்டு, ஆள் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். மேற்குப் பக்கத்தில் பந்தல் போட்டு அவரை, பீர்க்கு, சுரை ஏற்றிவிட்டால் சுவருக்கு நிழல், வீட்டுக்குக் காய். பத்து, பதினைந்து அடி தள்ளி வேம்பும் புங்கனும் நட்டால் சில ஆண்டுகளில் சுவரில் மாலை வெயில் விழாது. சுவரை ஒட்டிப் பெரிய மரம் வைத்தால் வேர் அஸ்திவாரத்துக்குப் போகும்.

மாட்டுக் கொட்டகையை மறக்கக் கூடாது. கலப்பினப் பசு வெயிலை மனிதரைவிட அதிகமாகவே உணரும். சூடு ஏறினால் தீனி குறையும், பால் குறையும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். கூரைக்கும் வெள்ளை அடிக்க வேண்டும்.

மின் கட்டணக் கணக்கு

வீட்டின் சூட்டைக் குறைத்த பிறகு, மின்சாரத்தில் எவ்வளவு மிச்சம் செய்யலாம் என்று பார்க்கலாம். சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும். நாளைக்கு 16 மணி நேரம் இரண்டு விசிறிகள் ஓடினால் 60 நாளில் 144 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள விசிறி ஏறத்தாழ 30 வாட்தான் எடுக்கும். அதே இரண்டு விசிறி, அதே நேரம் ஓடினால் 58 யூனிட். 60 வாட் குண்டு பல்பு மூன்று, நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 54 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று போட்டால் 8 யூனிட். இரண்டையும் கூட்டினால், பழைய முறையில் 198 யூனிட். புதிய முறையில் 66 யூனிட்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற ஏற்பாடு 2016-ல் வந்தது. அளவு கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும் என்பதே மின்கட்டண முறை. ஆகவே கடைசியில் மிச்சமாகும் யூனிட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை 2023-லிருந்து கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், நட்சத்திரத்தையும் வாட் அளவையும் பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை மேற்குச் சுவரை ஒட்டியோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது.

அடுப்பும் ஒரு சூடுதான். விறகடுப்பு எரிக்கும் வீடுகளில் புகைபோக்கி கட்டாயம் வேண்டும். சமையலறைக்கு வெளியே திறக்கும் ஜன்னலும், உச்சியில் புகை போகும் வழியும் வைத்தால் சூடும் புகையும் படுக்கும் அறைக்கு வராது. இரண்டு, மூன்று மாடுகள் உள்ளவர்கள் நாளைக்கு 25 கிலோ சாணம் கொண்டு ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலம் நடத்தலாம். அடுப்புக்கு எரிவாயு கிடைக்கும். வெளிவரும் கரைசல் வயலுக்கு நல்ல உரம்.

கூரையில் சூரிய மின் தகடு வைக்க 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் என்று சொல்லப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நல்ல முயற்சிதான். ஆனால் வரிசை மாறக் கூடாது. வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் மோட்டாரின் குதிரைத் திறனைக் கூட்டுகிற விவசாயி உண்டா? முதலில் தளத்துக்கு வெள்ளை, பிறகு காற்றுக்கு வழி, அடுத்து விசிறியும் விளக்கும், அதற்குப் பிறகே தகடு.

கேட்க வேண்டியவர் வீட்டுக்காரரே

வீடுகளில் வெப்பத்தைக் குறைப்பதற்கென மத்திய அரசு 2018-ல் ஒரு கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு அதில் வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்காக வகுக்கப்பட்டது. மூன்று சென்ட் மனையில் கட்டும் சிறு விவசாயியின் வீட்டை அளந்து பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. கொத்தனார் வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் சித்திரையும் வைகாசியும் படுக்கப் போவது அவர் அல்ல.

ஆகவே வேலை பேசும் அன்றே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். நீளச் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது? படுக்கும் அறை மேற்கே வருகிறதா? ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிர் ஜன்னல் உண்டா? தளத்துக்கு மேல் சுருக்கியும் தட்டோடும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா? எல்லா ஜன்னலுக்கும் சன்ஷேடு உண்டா? இந்த ஐந்துக்கும் சரியான விடை கிடைத்த பிறகு முன்பணம் கொடுக்கலாம். இவற்றில் முதல் மூன்றுக்கு ஒரு காசு கூட அதிகச் செலவில்லை. வானம் தோண்டும் முன் கயிற்றைச் சற்றுத் திருப்பிப் பிடிப்பதும், கட்டும்போதே ஜன்னலை இடம் மாற்றி வைப்பதும்தான் வேலை. தோண்டிய பிறகு எவ்வளவு செலவழித்தாலும் வீட்டைத் திருப்ப முடியாது.

கட்டி முடித்தவர்கள் மாசி மாதத்தில் ஒரு நாளைத் தளத்துக்கு ஒதுக்கினால் போதும். அந்த ஒரு நாள் வேலை, குழந்தைகளும் பெரியவர்களும் கோடை முழுவதும் வீட்டுக்குள்ளேயே நிம்மதியாகத் தூங்க வழி செய்யும்.